வார மதிய உணவும் நம் கவனமும்

செமினி வட்டாரத்தில் கணவனும் மனைவியும் விடியுமுன் வேலைக்குப் புறப்படும் இல்லங்கள் பல. அவர்கள் வாரத்திற்கான மதிய உணவை ஞாயிறன்றே சமைத்து வைக்கலாம். கிரேக்க முறை இதற்கு ஏற்றது: கோழித் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, ஒலிவ எண்ணெய் சேர்த்து ஊறவைத்து, குடைமிளகாய், கத்தரிக்காய், வெங்காயத்துடன் நன்கு வேகும்வரை வாட்ட வேண்டும். சாதாரணச் சமையல் எண்ணெயும் போதும்.

ஆனால், சமைத்த கோழி குளிர்சாதனப் பெட்டியில் 3 அல்லது 4 நாள்களே கெடாதிருக்கும். ஆகவே, 2 மணி நேரத்திற்குள் ஆறவைத்து, புதன் வரைக்குரியதைப் பெட்டியிலும், வியாழன், வெள்ளிக்குரியதை உறைய வைக்கும் பகுதியிலும் வைப்போம். உறைந்ததை முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுவோம்.

காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, கொதிநீரால் சூடேற்றிய தெர்மோஸ் பாத்திரத்தில் அடைத்துச் செல்வோம். வெதுவெதுப்பில் கிடக்கும் உணவில் கிருமிகள் விரைந்து பெருகும். சிலவற்றின் நஞ்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. நேரத்தை மிச்சப்படுத்தப் போய் உடல்நலத்தை இழத்தல் ஆகாது.