ஆப்தர் யார்?

மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணி ஒருவன் அஞ்சுகிறான். வேதாந்தம் பயில்வோர் அனைவரும் அறிந்த உதாரணம் இது. அவன் மட்டும் அஞ்சினால் துன்பம் அவனோடு நின்றுவிடும். அவன் கூவியதைக் கேட்டு ஊரே தடியுடன் திரண்டு, அந்த இருளில் ஒரு மனிதர்மீது தடி விழுந்தால்? 2018-ஆம் ஆண்டில் நடந்தது அதுதான்.

அவ்வாண்டு கோடையில் சித்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே ஒரு வதந்தி பரவியது. குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கும்பல் வந்துவிட்டது என்பதே அது. மே 9 அன்று, குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து போளூர்ப் பகுதிக்குச் சென்ற ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அந்த அன்பே ஐயத்திற்குக் காரணமாயிற்று. கூட்டம் தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அக்காலத்தில் நாடெங்கும் பரவிய ஒரு கடத்தல் காணொளி, உண்மையில் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்திப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இறுதியில் வரும் அறிவுரையை யாரோ நீக்கிவிட, நல்நோக்கத்துடன் எடுத்த படமே நஞ்சாயிற்று.

பிழை எங்கே?

நியாய சாஸ்திரம் பிறர் சொல்லையும் ஒரு பிரமாணமாக ஏற்கிறது. ஆனால் அது ஆப்தரின் சொல்லாக இருக்க வேண்டும். பொருளை உள்ளபடி அறிந்தவர், அறிந்ததை அறிந்தவாறே சொல்ல விரும்புபவர்; அவரே ஆப்தர்.

கைப்பேசியில் செய்தி அனுப்பியவர் நம் அண்ணனாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். நம் நலம் நாடியே அனுப்பியிருப்பார். ஆனால் அவர் எதையும் நேரில் அறியவில்லை. தமக்கு வந்ததை நமக்குத் தந்தார், அவ்வளவே. அவரிடம் நாம் கொண்ட அன்பை அச்செய்தியின் சான்றாக மயங்கிக்கொள்கிறோம். முகமறியாத ஒருவனின் பொய், நமக்குத் தெரிந்த முகங்களை அணிந்துகொண்டு வீட்டினுள் நுழைவது இவ்வாறுதான்.

சமுதாயம் செய்தது

2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்கப் பணித்தது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிடுவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அதே மாதத்தில் அறிவித்தது. தெலங்கானாவின் கத்வால் மாவட்டத்தில் காவல்துறையினர் கிராமங்களுக்குச் சென்று, நாட்டுப்புறப் பாடல்கள் வழியாகவும் வதந்தியின் பொய்மையை விளக்கினர். கேரளத்தின் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் பாடம் நடத்தப்பட்டது; அத்திட்டத்தின் பெயர் 'சத்யமேவ ஜயதே'.

இவற்றுள் வரம்பு, செய்தியின் வேகத்தைக் குறைக்கும். பாடலும் பாடமும் விவேகத்தைத் தூண்டும். எனினும் அனுப்பும் கணத்தில் விவேகத்தைப் பயன்படுத்த வேண்டியவர் நாமே.

நம் சாதனை

மனத்தைக் கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை என வாக்கின் தவத்திற்குக் கீதை இலக்கணம் கூறுகிறது. விரலால் அனுப்புவதும் வாக்கே. ஆகவே ஒவ்வொரு முறையும் நம்மையே கேட்போம்: இதை நான் நேரில் அறிவேனா? அனுப்பியவர் அறிவாரா? இது பொய்யானால் துன்புறப்போவது யார்? முதலிரண்டு வினாக்களுக்கும் 'இல்லை' என்பதே விடையானால், செய்தி நம்மோடு நிற்கட்டும்.

புரட்டாசியில் தமிழகத்திலிருந்து சித்தூர் வழியே திருப்பதிக்கு நடந்து செல்லும் அடியார்கள், முன்பின் அறியாதவர் தரும் நீரை வாங்கி அருந்துகிறார்கள். தருபவரும் பெறுபவரின் ஊரையோ மொழியையோ கேட்பதில்லை. அயலாரைக் கண்டதும் அஞ்சாத அந்த மனத்தைக் காப்பது நம் கையில் இருக்கிறது. கைப்பேசியும் அதே கையில்தான் இருக்கிறது.