திரை மெலியும் இடங்கள்: தலம் என்னும் பாடத்தை நடத்துமாறு

சமய பாடம் நடத்தும் நம்மிற் பலர் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் ஒரு மூச்சிற் சொல்லி, மூர்த்தியை விரித்துரைத்து, தீர்த்தத்துக்கு ஒரு வரி எழுதுவித்து, தலத்தைப் பெயர்ப்பட்டியலாக்கி முடித்துவிடுகின்றோம். பஞ்சபூதத் தலங்கள் ஐந்து, ஈழத்து ஈச்சரங்கள் ஐந்து என்று பிள்ளைகள் நெட்டுருச் செய்கின்றனர். எங்கும் நிறைந்த கடவுள் ஓரிடத்தில் மாத்திரம் அணுக்கமாய்த் தோன்றுவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. ஆயின் பலாங்கொடைப் பகுதித் தோட்டப் பிள்ளைகளிடத்து அவ்வினா வேறொரு வடிவில் முன்னரே எழுந்துள்ளது. லயத்தின் கோடியில் நிற்கும் மரத்தடியில் முனி உறைகின்றதென்றும், உச்சிப்பொழுதில் அவ்வழியே தனித்துப் போகலாகாதென்றும் அவர்கள் வீட்டிற் கேட்டு வருகின்றனர். காணும் உலகத்துக்கும் காணா உலகத்துக்கும் இடைப்பட்ட தூரம் எல்லாவிடத்தும் ஒரே அளவினதன்று என்பதை அவர்கள் நாம் சொல்லாமலே உணர்ந்திருக்கின்றனர். அவ்வுணர்ச்சியை இகழாமலும், அதனுட் கிடக்கும் அச்சத்தை வளர்க்காமலும் இப்பாடத்தை நடத்துவது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படும்.

இவ்வுணர்ச்சி நமக்கு மாத்திரம் உரியதன்று. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் அயோனா என்னும் சிறு தீவு உண்டு. கி.பி. 563-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து சென்ற கொலும்பா என்னும் துறவி மடம் அமைத்த இடம் அது. 1938-இல் அயோனாவின் பெயராற் கிறித்தவச் சமூகமொன்றை நிறுவிய ஜோர்ஜ் மக்லியோட் என்னும் போதகர், அதனை 'மெல்லிய இடம்' என்று குறித்தார். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய தாளளவு தடையே உள்ள இடம் என்பது அவர் கருத்து. யான் பயின்ற மிஷன் பாடசாலையில் யாக்கோபின் கதையைப் பன்முறை படித்திருக்கின்றோம். வழிநடையில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்து உறங்கியவன், விண்ணளாவிய ஏணியைக் கனவிற் கண்டு, விழித்தெழுந்து, அக்கல்லைத் தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்து, அவ்விடத்துக்குப் பெத்தேல், அஃதாவது கடவுளின் வீடு, என்று பெயரிட்டான். கல்லை நிறுத்தி எண்ணெய் வார்த்த அவனை அப்பாடசாலையில் ஒருவரும் குறை கூறியதில்லை!

இனி நம் சித்தாந்தம் கூறுவது யாது? படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் எனத் திருவருட்செயல் ஐந்து. அவற்றுள் மறைத்தலைப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினமென்று கருதி நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். தலம் என்னும் பாடத்துக்குத் திறவுகோல் அதுவேயாம். இறைவன் எவ்விடத்தும் இருப்பினும் ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்தினால் அவனைக் காண்கிலோம். ஆகவே தடை என்பது இடத்தைச் சார்ந்ததன்று, காண்பானைச் சார்ந்தது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனாகவே கண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. ஏனை இடங்களிற் பாலில் நெய்போல விளங்காது நிற்கும் இறைவன், இவ்விடங்களில் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன் என்று உரைகாரர் காட்டுவர். இவ்வுவமையை வாயாற் சொல்லி விடுவதினும், ஒரு கோப்பையிற் பாலும் ஒரு கோப்பையில் தயிரும் வகுப்பறைக்குக் கொண்டுசென்று, இரண்டையும் பிள்ளைகளைக் கொண்டே கடைவித்தல் நன்று. அரைமணி நேரம் செலவாகும். எனினும் அப்பாடம் மறவாது.

திரை என்னும் சொல்லையே கண்முன் காட்டும் தலங்களும் உள. தில்லையிற் சிற்சபையில் நடராசப் பெருமானுக்கு அருகே ஒரு திரை தொங்குகின்றது. அதனை நீக்கினாற் காணப்படுவது பொன் வில்வமாலை தூங்கும் வெட்டவெளி. கதிர்காமத்திலோ திரை நீக்கப்படுவதே இல்லை. வள்ளி தெய்வயானையுடன் முருகன் எழுதப்பெற்ற திரையின் முன்னின்று அன்பர்கள் அழுது தொழுகின்றனர்; விழாக்காலத்தில் யானைமேற் செல்லும் பேழையும் மூடப்பட்டே செல்லும். ஒன்று திரையை நீக்கி வெளியைக் காட்டுகின்றது. மற்றொன்று திரையையே காட்டி நிற்கின்றது. வடலூரில் 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று தொடங்கிய சத்திய ஞானசபையில் இராமலிங்க அடிகள் ஏழு திரைகளை அமைத்தார். நாவலர் மரபில் வந்த நம்மவர்க்கு அடிகளின் பெயர் உவப்பாகாதென்பதை அறிவேன். ஆயினும் விளக்கத்துக்கு உதவும் பொருளை எவரிடத்தும் பெறலாம்.

நம் மாவட்டத்தின் எல்லையிலேயே 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாதமலை நிற்கின்றது. மார்கழிப் பூரணை தொட்டு வைகாசிப் பூரணை வரை மக்கள் இரவிலே விளக்கொளியில் அதன் படியேறுகின்றனர். உச்சியிலுள்ள அடிச்சுவட்டைச் சைவர் சிவனதென்பர், பௌத்தர் புத்தரதென்பர், இசுலாமியர் ஆதிபிதாவினதென்பர். 1344-இல் இபின் பதூதா என்னும் மொரோக்கோ தேயத்துப் பயணி இம்மலை ஏற விரும்பியபோது, ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் பாத யாத்திரை செய்யும் யோகியர் நால்வரும், அந்தணர் மூவரும் துணையாக அளித்தான். தமிழரசன் ஒருவன் இசுலாமியப் பயணியைச் சிவயோகியரோடு கூட்டி அம்மலைக்கு அனுப்பிய இவ்வரலாற்றைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் (1581–1593) சைவந் தழுவி அத்தலத்தை ஆண்டிகளுக்கு அளித்தான் என்றும், கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) அதனை மீண்டும் பிக்குகளிடம் ஒப்புவித்தான் என்றும் வரலாறு கூறும். இரண்டையும் மறையாது சொல்க. அடி எவரது என்னும் வழக்கை வகுப்பறைக்குள் நடத்த வேண்டுவதில்லை. விடியலில் அம்மலையின் முக்கோண நிழல் மேற்கே மேகத்தின்மேல் விழும்போது, அருகில் நிற்பவர் எச்சமயத்தவர் என்று எவரும் வினவுவதில்லை.

பலாங்கொடையிலிருந்து கல்தொட்டை செல்லும் வழியிலுள்ள கூரகலையும் இத்தகையதே. அங்குள்ள குகைகளிற் கிறித்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துக்கள் உண்டு. அவ்விடத்தையே ஜெயிலானி எனப் போற்றி இசுலாமியர் யாத்திரை செய்து வந்துள்ளனர். அவ்விடத்தின்மேல் எழுந்த பிணக்கை யாவரும் அறிவர்.

இவையெல்லாம் பெருந்தலங்கள். நம் பிள்ளைகள் நாடோறும் காண்பதோ தேயிலைச் செடிகளின் நடுவே மஞ்சள் பூசிய ஒரு கல், ஒரு சூலம், ஒரு கிளியஞ்சட்டி. கவ்வாத்துத் தொடங்குமுன் கும்பிடப்படும் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரத்தின் பெயர் கொண்ட ரோதைமுனி முதலியோர் எந்த ஆகமத்திலும் இலர். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் சிலர் இவற்றைக் கண்டு நகைக்கின்றனர். அந்நகைப்பை ஒரு முறை கண்ட பிள்ளை அதன்பின் தன் வீட்டு வழிபாட்டைப் பற்றி வாய் திறவாது; சமய பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றும், சமயம் தனக்கும் தன் தாய்க்கும் உரியதன்று என்று எண்ணிக்கொள்ளும்.

அக்கற்கள் வந்த வகையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குலதெய்வத்தின் கோயிலிற் பிடிமண் எடுத்துச் சென்று, குடியேறிய ஊரில் அதனை இட்டுக் கோயில் அமைப்பது தமிழ்நாட்டார் வழக்கம். கடல் கடந்து வந்தவர்க்கு இங்கே ஒரு பிடி நிலமும் சொந்தமில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமையும் இல்லையாயிற்று. லயம் துரையினது, செடி கம்பெனியினது, கல் ஒன்றே அவர்களது. அக்கல்லின் முன் நான்கைந்து தலைமுறையினர் பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் பயணத்துக்கும் அழுது விளக்கேற்றியிருக்கின்றனர். அவ்விடத்தில் திரை மெலியவில்லையென்றால் வேறெங்கே மெலியும்? காளத்தியிற் குடுமித்தேவருக்கு வாய்நீரால் திருமஞ்சனமாட்டி ஊனமுது படைத்த கண்ணப்பரைக் கண்டு சிவகோசரியார் உள்ளம் நொந்தார். நகைக்கும் ஆசிரியர் பெரியபுராணத்தில் அப்பகுதியை மீண்டும் ஒரு முறை படிப்பாராக.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்க என்பது இதன் பொருளன்று. உயிர்ப்பலியை நாவலர் கடிந்தது முற்றும் நியாயமே. அதனைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். அச்சத்தை முதலாக வைத்துப் பொருள் பறிக்கும் மாந்திரிகர் காட்டும் 'பேய் உலவும் இடம்' தலமாகாது. ஓரிடம் தலமோ அன்றோ என்று பிள்ளை கேட்பின், அங்கே சென்று திரும்பும்போது உன் மனம் விரிந்ததா, சுருங்கிற்றா என்று திருப்பிக் கேட்க. பேய்க்கு அஞ்சும் பிள்ளைகளுக்குக் காரைக்காலம்மையார் சரிதத்தை முதலிற் சொல்லுதல் நலம். அவர் தாமே வேண்டிப் பேய்வடிவு பெற்றவர். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தவர். பெருமான் ஆடும் திருவாலங்காட்டில் அடிக்கீழ் இருக்கப் பெற்றவர். சுடுகாடும் நம் பெருமானுக்கு ஆடரங்கு என்று கேட்ட பிள்ளையின் முகத்தில் அச்சம் குறைவதை நீங்களே காணலாம்.

தில்லைக்கும் கயிலைக்கும் செல்லப் பொருளில்லாத பிள்ளைகளுக்குப் பூசலார் சரிதத்தைச் சொல்க. கல்லும் மரமும் வாங்கப் பொருளின்றித் திருநின்றவூரில் மனத்துள்ளேயே கோயில் கட்டினார் அவர். காடவர்கோன் காஞ்சியிற் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளை, அம்மனக்கோயிலுக்காக ஒத்திவைக்குமாறு இறைவனே கனவிற் பணித்தான்.

பாடத்தின் முடிவில் வழக்கமான வினாக்களை விடுத்து, வேறொரு பயிற்சி கொடுக்கலாம். தத்தம் தோட்டத்திலுள்ள ஒரு கல்லையோ மரத்தையோ கோயிலையோ பற்றி, அதனை முதலில் நாட்டியவர் யார், எவ்வூரிலிருந்து மண் வந்தது, இப்பொழுது விளக்கேற்றுபவர் யார் என்று பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் செய்க. அவற்றைத் திருத்துகையில் எழுத்துப்பிழையை மாத்திரம் திருத்துக. தெய்வத்தின் பெயரைப் பிள்ளை எவ்வாறு எழுதியிருப்பினும் அவ்வாறே விட்டுவிடுக.