அலுமினியம் மட்குமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் 12 வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள். குளிர்பான டின் மண்ணில் மட்க எத்தனை வருடம் ஆகும்?

பதில்: 200 ஆண்டுகள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அது தோராயக் கணக்குதான். வாழைத்தோலை நுண்ணுயிர்கள் ஒரு கை பார்த்துவிடும். அலுமினியத்தில் அவற்றுக்குத் தீனியே கிடையாது. அது அரித்துத்தான் போக வேண்டும்.

அதுவும் லேசில் நடக்காது. அலுமினியத்தைக் கத்தியால் கீறினால், கீறிய இடம் வெள்ளிபோல் பளீரிடும். மறுகணமே காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திவிடும். இரும்புத் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். இந்தப் படலமோ இறுக ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் 1884இல் வைத்த சின்ன அலுமினியப் பிரமிடு, மின்னல் தாக்கி நுனி மழுங்கியும், இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

உப்புதான் இந்தப் படலத்துக்கு எமன். கடலோர மணலில் கிடக்கும் டின் சீக்கிரமே பொத்தலாகும். ஆனால் டின்னின் உட்புறம் பூசிய பிளாஸ்டிக் பூச்சு அப்போதும் மிஞ்சும்.

உண்மையில், டின்னை மண்ணில் போடுவதே பெரிய அநியாயம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் இருந்தால் பழையதை உருக்கி மறுபடி டின்னாக்கலாம். பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் காசும் தருவார்கள்.