புது ரிங் போட்டும் கம்ப்ரஷன் இல்லையா?

என் பழைய புல்லட் 350-க்கு ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டேன். கேஜில் 70 பி.எஸ்.ஐ.தான் காட்டுகிறது. மறுபடி என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?
— வாசகர், திண்டுக்கல்

ஸ்பேனரைக் கீழே வையுங்கள், அதற்கு இன்னும் வேளை வரவில்லை. கேஜ் வைத்தபோது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தீர்களா? மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்று போகாது. நல்ல என்ஜினும் நோஞ்சானாகத் தெரியும். சாவியை அணைத்துவிட்டு, முள் ஏறுவது நிற்கும்வரை ஏழெட்டு முறை ஓங்கி உதையுங்கள்.

அப்படியும் ஏறவில்லை என்றால், பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் கசிவு ரிங் பக்கம். புது ரிங் போரோடு பழக வேண்டும். 500 கிலோமீட்டர் பக்குவமாக ஓட்டிவிட்டு மீண்டும் கேஜ் வையுங்கள்.

ஆயில் விட்டும் அசையவில்லையா? புல்லட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது டீகம்ப்ரசரைத்தான். அதன் கேபிள் விறைப்பாக இருந்தால் அந்தக் குட்டி வால்வு மயிரிழை திறந்தே நிற்கும். கேபிளைக் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள்.

அடுத்தது டாப்பெட். என்ஜின் நன்றாக ஆறியபின், கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, டாப்பெட் மூடியைத் திறந்து புஷ்ராடை இரு விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாவிட்டால் டாப்பெட் டைட். வால்வு முழுக்க மூடவில்லை. அதைத் தளர்த்தினாலே பெரும்பாலும் முள் எழுந்துவிடும்.