‘ஹாங்ரி’: பசிச் சிடுசிடுப்பு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பசித்த நிலையைக் குறிக்கும் ‘ஹங்ரி’, சினந்த நிலையைக் குறிக்கும் ‘ஆங்ரி’ ஆகிய ஆங்கிலப் பெயரடைகள் ஒன்றிப் பிறந்த ‘ஹாங்ரி’ என்ற சொல்லைச் சமூக ஊடகத் தலைமுறையே புனைந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது 21ஆம் நூற்றாண்டில்தான் பொது வழக்குக்கு வந்தது என்பதும், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2018 ஜனவரியில்தான் அதைச் சேர்த்துக்கொண்டது என்பதும் இந்நம்பிக்கைக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனால் அதே அகராதி தரும் மிகப் பழைய சான்று 1956ஆம் ஆண்டினது. ‘அமெரிக்கன் இமாகோ’ என்னும் உளப்பகுப்பாய்வு இதழில், திட்டமிட்டும் தற்செயலாகவும் நிகழும் சொல்விளையாட்டுகளை விவரித்த கட்டுரையொன்றில் அச்சொல் காணப்படுகிறது.

பசித்திருப்பவர் கொள்ளும் எந்தக் கோபத்துக்கும் இச்சொல் பொருந்தும் என்பதும் பிழையே. பசியையே காரணமாகக் கொண்டெழும் எரிச்சலையும் சிடுசிடுப்பையும் மட்டுமே அது குறிக்கிறது; கூலி மறுக்கப்பட்டுப் பட்டினி கிடக்கும் தொழிலாளியின் சினத்துக்கு அதைச் சூட்டினால், நியாயமான கோபம் வெறும் வயிற்றுத் தொல்லையாகச் சுருங்கிவிடும். அது பேச்சு வழக்குச் சொல்லாதலால், நகைச்சுவை தொனிக்காத எழுத்தில் இடறும்.

இரத்தத்தில் குளுக்கோஸ் குறைவதே இம்மனநிலையை முழுமையாக விளக்கிவிடும் என்ற நம்பிக்கைதான் கூடுதல் கவனத்துக்குரியது. குளுக்கோஸ் மிகவும் தாழும்போது அட்ரினலின், கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள், அதாவது உடலின் நெருக்கடி நிலையிலும் சுரக்கும் வேதித் தூதுப் பொருள்கள், மிகுவது உண்மையே. அமெரிக்காவில் 107 தம்பதியரிடம் 21 நாள்கள் நடத்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வில், துணைவரைக் குறிக்கும் பொம்மையில் ஒவ்வோர் இரவும் சினத்தின் அளவுக்கேற்ப ஊசி குத்தச் சொன்னபோது, குளுக்கோஸ் குறைந்திருந்தவர்கள் மிகுதியாகக் குத்தினார்கள். விந்தையான அளவுகோல்தான், பொம்மையைக் குத்துவதும் மனிதரிடம் சீறுவதும் ஒன்றாகா. அன்றியும், இரண்டு நிலைகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

ஜெனிஃபர் மக்கார்மக், கிறிஸ்டன் லிண்ட்குவிஸ்ட் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறொரு கோணத்தைச் சேர்த்தது. சூழலும் கசப்பாக இருந்து, தம் உணர்ச்சிகளின் மீது கவனமும் செல்லாதபோதே பசித்தவர்கள் உடலின் தொல்லையைப் பிறர் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், முன்னரே உணர்ச்சிகளைப் பற்றிச் சிந்திக்கச் செய்யப்பட்டவர்களிடம் அவ்விளைவு தென்படவில்லை என்றும் அது காட்டியது. விரேன் சுவாமியும் உடன் ஆய்வாளர்களும் 64 பேரின் அன்றாட வாழ்வை 21 நாள்கள் தொடர்ந்து, 2022இல் வெளியிட்ட ஆய்வோ, பசி கூடும்போது சினமும் எரிச்சலும் கூடி, மகிழ்ச்சி குறைவதைப் பதிவுசெய்தது. அங்கே அளக்கப்பட்டது குளுக்கோஸ் அன்று, பங்கேற்றோர் தாமே உணர்ந்து சொன்ன பசி.