கடையின் ஞாபகம் யாருடைய தலையில் இருக்கின்றது?

எமது ஹாட்வெயார் கடையில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு கணக்கப்பிள்ளை வேலை செய்தார். எந்தச் சாமானை புறக்கோட்டையில் யாரிடம் எடுப்பது, எந்த பாஸ் சொன்னால் கடனுக்குச் சாமான் அனுப்பலாம், எந்தக் கம்பனி பழுதான பம்பை மாற்றிக் கொடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாமும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்தான் இருக்கின்றாரே!

ஒரு நாள் காலையில் அவர் கடைக்கு வரவில்லை. பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அந்த வாரமே ஒரு வாடிக்கையாளர் பழுதான தண்ணீர்ப் பம்பைக் கொண்டு வந்தார். உத்தரவாதக் காலம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அதை நாம் யாரிடம் வாங்கினோம், பில் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தவணை கடந்துவிட்டது. புதிய பம்பை எமது கைக்காசில் கொடுத்தோம். அந்தப் பணத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கடை என்னுடையது, ஆனால் கடையின் ஞாபகம் என்னிடம் இருக்கவில்லை.

இதை அறிந்த எனது மருமகன், “மாமா, கணக்கு எழுத சொப்ட்வெயார் வெச்சீக்கிறீங்க. தெரிஞ்ச விஷயத்த எழுத ஒண்ணும் இல்லயே” என்று கேட்டார். அன்று அவர் காட்டியதுதான் ‘விக்கி’. அன்று தொடக்கம் நான் கற்றதையும், கற்கும்போது விட்ட பிழைகளையும் கணினியில் ஆரம்ப நிலையில் இருக்கும் வியாபாரிகளுக்காக எழுதுகின்றேன்.

விக்கி என்றால் என்ன?

விக்கி என்பது ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும் சொல். வோர்ட் கனிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1995இல் முதலாவது விக்கித் தளத்தை இணையத்தில் ஏற்றினார். விக்கிப்பீடியா 2001இல்தான் வந்தது. பக்கங்களை இலகுவாக எழுதலாம், திருத்தலாம், ஒன்றோடொன்று இணைக்கலாம் என்பதே இதன் அடிப்படை. அதையே ஒரு தனி மனிதர் தன் சொந்தக் குறிப்புகளுக்குப் பாவித்தால் அது தனிநபர் விக்கி.

நான் பாவிப்பது ‘டிட்லிவிக்கி’. ஜெரமி ரஸ்டன் என்ற ஆங்கிலேயர் 2004இல் வெளியிட்டது. இலவசமானது. இதன் விசேஷம், மென்பொருளும் நாம் எழுதும் குறிப்புகளும் ஒரே ஒரு பைலுக்குள் இருப்பதுதான். வெறும் பைல் சில மெகாபைட் மாத்திரமே. பென் டிரைவில் போட்டு சட்டைப் பையில் கொண்டு போகலாம். வழமையாக இணையம் பார்க்கும் பிரவுசரிலேயே திறக்கலாம், அதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை. தமிழிலும் எழுதலாம்.

எழுதும் முறை

இதில் ஒவ்வொரு குறிப்புக்கும் ‘டிட்லர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் சின்னஞ்சிறு மீனுக்குச் சொல்லும் பெயர் அது. பெயரிலேயே பாடம் இருக்கின்றது: குறிப்பு சிறியதாக இருக்க வேண்டும். ‘பம்ப் விபரம்’ என்று பத்துப் பக்கம் எழுதக் கூடாது. ஒரு கம்பனிக்கு ஒரு குறிப்பு, ஒரு சாமானுக்கு ஒரு குறிப்பு.

கூட்டல் அடையாளத்தை அழுத்தினால் புதிய குறிப்பு திறக்கும். தலைப்பு இடுங்கள், விடயத்தை எழுதுங்கள், சரி அடையாளத்தை அழுத்துங்கள். எழுதும்போது இன்னொரு குறிப்பின் தலைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது இணைப்பாக மாறும். பம்ப் பற்றிய குறிப்பில் அதை விற்ற கம்பனியின் பெயரை அவ்வாறு இட்டால், ஒரு தட்டில் அந்தக் கம்பனியின் தொலைபேசி இலக்கமும் உத்தரவாத நிபந்தனையும் வந்து நிற்கும். ‘உத்தரவாதம்’, ‘மொத்த வியாபாரி’ போன்ற அடையாளச் சொற்களையும் ஒவ்வொரு குறிப்பிலும் சேர்க்கலாம். பிறகு அந்தச் சொல்லை அழுத்தினால் அந்த இனத்தைச் சேர்ந்த குறிப்புகள் யாவும் வரிசையாக வரும்.

முதலாவது பிழை

சரி அடையாளத்தை அழுத்தியதும் எல்லாம் சேமிக்கப்பட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். அப்படியல்ல. அது திரையில் மாத்திரமே நிற்கும். பைலைச் சேமிக்க வேறொரு பட்டன் இருக்கின்றது, சேமிக்காத விடயம் இருக்கும்போது அது சிவப்பாக மாறும். அதை அழுத்தாமல் மூடியதால் ஒரு மாலை நேர உழைப்பு போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. சாதாரண பிரவுசரில் சேமிக்கும்போது பழைய பைல் மாறாது. டவுன்லோட் பகுதியில் புதிய பிரதி ஒன்று வந்து சேரும். நாளை தவறுதலாகப் பழையதைத் திறந்தால் இன்று எழுதியது காணாமல் போனது போல் இருக்கும். ஆகவே புதிய பிரதியை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். பழையவற்றை உடனே அழிக்காமல் திகதியிட்டு வேறாக வையுங்கள், அவை கணக்குக் கொப்பியின் மறு பிரதி போல உதவும்.

எங்கே வைப்பது?

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, உங்கள் கணினியிலும் பென் டிரைவிலும் வைப்பது. ஆரம்பத்தில் இதுவே போதும்.

இரண்டாவது, ‘டிட்லிஹோஸ்ட்’ போன்ற இணைய இடத்தில் வைப்பது. வீட்டிலிருந்தும் போனிலிருந்தும் திறக்கலாம், அங்கேயே நேரடியாகச் சேமிக்கலாம்.

மூன்றாவது, கடைக் கணினியில் ‘நோட் ஜேஎஸ்’ என்ற மென்பொருளை நிறுவி, அதன் மேல் விக்கியை ஓட விடுவது. கடையின் வைபையில் இருக்கும் போன்கள் அதைப் பார்க்கலாம். இதற்கு விபரம் தெரிந்த ஒருவரின் உதவி தேவை. பயனர் பெயர், பாஸ்வேர்ட் இல்லாமல் இதைத் திறந்து வைக்கக் கூடாது.

இரண்டாவது பிழை

நான் அவசரப்பட்டு எனது பைலை ஓர் இலவச இணைய இடத்தில் ஏற்றினேன். அது தனிப்பட்டதா, பொதுவானதா என்று பார்க்கவில்லை. சில நாட்களில் ஒரு நண்பர் போன் எடுத்தார். “நானா, ஒங்கட கடன்காரர் பட்டியல் என்ட போன்ல தெரியிதே!”

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இன்னார் இத்தனை மாதம் பாக்கி, இன்னாருக்குக் கடன் கொடுக்க வேண்டாம் என்றெல்லாம் பெயரோடு எழுதியிருந்தேன். உடனே அகற்றினேன். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ எனக்குத் தெரியாது. எம்மை நம்பிக் கடன் வாங்கியவரின் மானம் எம்மிடமுள்ள அமானிதம் அல்லவா? பட்டியலில் இருந்த ஒருவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். ஆனால் அதற்குப் பிறகு எமது கடைக்கு வருவதில்லை.

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கடன் விபரத்தை விக்கியில் எழுதவே வேண்டாம் என்பதே எனது முடிவு. அது கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும். டிட்லிவிக்கியில் பைலுக்கே பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் வசதியும் உண்டு. ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் மறந்தால் திறந்து தர ஒருவரும் இல்லை. எழுதி வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

கற்றுக் கொடுக்கும் ஒழுங்கு

பக்கத்துக் கடைக்காரர்கள் இருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். முதலாமவருக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டினேன், அவர் இரண்டாம் நாளே விட்டுவிட்டார். இரண்டாமவருக்கு முதல் வாரம் எழுதவும் சேமிக்கவும் மாத்திரம் காட்டினேன். இரண்டாவது வாரம் இணைப்பு, மூன்றாவது வாரம் அடையாளச் சொல். இருபது முப்பது குறிப்புகள் சேர்ந்த பிறகே இணையத்தில் வைப்பதைப் பற்றிப் பேசினோம். அவர் இன்றும் எழுதுகின்றார். இன்னொரு விடயம்: ஒரே பைலை இருவர் இரு இடங்களிலிருந்து திருத்தினால் ஒருவர் எழுதியதை மற்றவருடையது அழித்துவிடும். ஆகவே எழுதும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

எமது கணக்கப்பிள்ளை இப்போது தடியூன்றி மாலை நேரங்களில் கடைக்கு வருகின்றார். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. கடைப் பையன் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பான். சரியென்றால் அவர் தலையாட்டுவார். பிழையென்றால் கையை அசைத்து நிறுத்துவார், பிறகு நடுங்கும் விரலால் தாளில் ஒரு பெயரை எழுதிக் காட்டுவார். இவ்வாறே பாதி ஞாபகத்தை மீட்டோம். மீதி எம்மை விட்டுப் போய்விட்டது.

உங்கள் கணக்கப்பிள்ளை நலமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமருங்கள். இன்றைக்கு ஒரேயொரு குறிப்பு எழுதினால் போதும்.