கழுத்தில் கட்டியா? பயந்து மறைக்காதீர்கள்



"புற்றுநோயாக இருக்குமோ?" என்று பயந்தே, கழுத்தில் கட்டியோடு பலர் மாதக்கணக்கில் தாமதித்து எங்களிடம் வருகிறார்கள். கழுத்துக் கட்டிக்குப் பல காரணங்கள் உண்டு.

1. நெறிகட்டுதல்: சொத்தைப்பல், தொண்டைப்புண், தலைப்புண் ஆகியவற்றால் வரும், தொட்டால் வலிக்கும். புண் ஆறியபின் பெரும்பாலும் வற்றிவிடும்.

2. கண்டமாலை: இது காசநோயே. இருமல் இல்லாமலும் வரும். அதிக வலியின்றிப் பல கட்டிகள் ஒட்டி வளரும். சில உடைந்து சீழ் வடியும்.

3. தைராய்டு கழலை: முன்கழுத்தில் இருக்கும், எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும். அயோடின் குறைவும் ஒரு காரணம்.

4. புற்றுநோய்: பெரும்பாலும் கெட்டியாக, வலியின்றி வளரும். புகையிலை போடுகிறவர்கள் ஆறாத வாய்ப்புண், குரல் கம்மல், விழுங்கச் சிரமம் இவற்றைக் கவனிக்கவேண்டும்.

மூன்று வாரத்துக்குமேல் கட்டி வற்றாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். சூடு போடாதீர்கள், பச்சிலை வைத்துக் கட்டி நாட்களைக் கடத்தாதீர்கள்.

கண்டமாலைக்கு வழக்கமாக 6 மாத மாத்திரை போதும். அரசு அதை இலவசமாகத் தருகிறது. ஆனால் சிகிச்சையின் நடுவிலும் கட்டி சிலருக்குப் பெருக்கும்; மருந்து பலிக்கவில்லை என்று அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் கட்டி வற்றியதும் நிறுத்துகிறார்கள். கூலியை இழந்து பஸ் ஏறி வர இயலாதவர்களும் உண்டு. இவர்களை வீடு தேடிச் சென்று திடப்படுத்தவும், பயணச் செலவுக்கும் சத்துள்ள ஆகாரத்துக்கும் உதவவுமே உங்கள் காணிக்கைகள் பயன்படுகின்றன. ஆறாம் மாதம்வரை அவர்கள் நிலைத்திருக்க ஜெபியுங்கள்.